கட்சிக்கு வைத்த மொய்

எங்கள் ஆடிட்டர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பவர். அவர் படித்த படிப்புக்கும் போர்டில் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் எழுத்துகளுக்கும் என்ன உறவு என்று நான் விசாரித்ததில்லை. அரியலூரில் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு ஜூலையும் பஸ் ஏறி அவரிடம் போவதற்குக் காரணம், என் சம்பளம் அரியலூரில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான். பெரம்பலூரில் தெரிந்தால், கைமாற்று கேட்க நினைப்பவர் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டியிருக்கும். பாதி வழியில் மனம் மாறக்கூடும்.

நான் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வந்து இறங்கும் சுண்ணாம்புக்கல்லில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு மண் என்று பார்த்துச் சொல்லவேண்டும். இருபத்தைந்து வருடம் இதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு மண் என்று கேட்கும் புத்தி வந்துவிட்டது. கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட விரலால் தேய்த்துப் பார்க்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூலையில் ஆடிட்டர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“இன்சூரன்ஸ் போட்டாச்சு, வூட்டு லோன் போட்டாச்சு. அடுத்த வருஷக் கணக்குக்குக் கட்சியும் போட்டுரலாமா சார்?”

“கட்சி போடுறதுன்னா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஓட்டுப் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஜென்மம் என்று முடிவுகட்டியிருக்கவேண்டும். பிறகு விளக்கினார். அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் அந்தத் தொகை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. செக்காகவோ ஆன்லைனிலோ கொடுக்கவேண்டும். அவர் சொல்லும் கட்சிக்கு நாம் ஒரு செக் கொடுப்போம். ரசீது வரும். சில வாரம் கழித்து, கமிஷன் பிடித்துக்கொண்டு மீதி ரொக்கமாக நம் கைக்கே வந்துவிடும்.

“எந்தக் கட்சி?”

“பேரு எதுக்கு சார்? எனக்கே ஞாபகம் இல்ல. ஆபீஸ் எங்கயோ வடக்க இருக்கு. ரிஜிஸ்டர் ஆன கட்சி. கொள்கையெல்லாம் நல்ல கொள்கைதான்.”

“நாளைக்கு நோட்டீஸ் வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம் சார்.”

யார் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அதே மாடியேறும் என் லேப் பக்கத்து மேஜைக்காரர் ஆடிட்டர் பேச்சைக் கேட்டுக் கட்சி போட்டார். நான் போடவில்லை. நேர்மை என்று யாரும் பாராட்டிவிடவேண்டாம், சுத்தமான பயம்.

ஆனால் அந்தச் சட்டப் பிரிவு என் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். எதையும் படித்துத் தொலைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மருந்துச் சீட்டைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மருந்தைச் சாப்பிடாமல் விட்டிருக்கிறேன். சாதாரணக் குடிமகன் தனக்குப் பிடித்த கட்சிக்குத் தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொடுக்கட்டும், அதற்கு வரி வேண்டாம் என்கிறது பிரிவு. அப்படிக் கொடுத்தால் கட்சிகள் பெரிய முதலாளிகளை நம்பியிருக்கவேண்டியதில்லையாம். படிக்கப் படிக்க எனக்குச் சந்தேகம் கூடியது. அரசாங்கம் என்னிடம் இவ்வளவு மரியாதையாக இதுவரை பேசியதில்லை. அதோடு, எங்கள் பக்கத்தில் தேர்தல் என்றால் பணம் கட்சியிடமிருந்து வாக்காளரை நோக்கி வரும் என்றுதான் ஊர் எதிர்பார்க்கிறது. எதிர்த்திசையில் அது ஓடும் என்று நினைத்து இந்தப் பிரிவை எழுதிய மனிதர், தேர்தலுக்கு முந்தின நாள் செந்துறை பஸ்ஸில் ஒருமுறைகூட ஏறியிருக்க மாட்டார்.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு ஜாக்கெட் தைக்கும் அம்மாள் தேர்தலில் நின்றார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். லாரிகள் போகும் சாலையை ஒட்டித் தையல் கடை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்து வாசலில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம் ஆகிவிடும். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளில் தார்ப்பாய் போடவேண்டும் என்பது விதி. போடாத லாரிகளின் நம்பரை, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, மாதாமாதம் மனுக் கொடுப்பார். ஒரு நாள் லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று, சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பெண்ணின் தோளில் விழுந்தது. அந்தப் பெண்ணின் சீருடையைத் தைத்தவர் இவர்தான். ‘அளவெடுத்த தோளுங்க அது’ என்று என் மனைவியிடம் சொன்னாராம். அடுத்த தேர்தலில், யாரும் கேள்விப்பட்டிராத, ஆனால் முறையாகப் பதிவான ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்து வேட்புமனு போட்டுவிட்டார்.

அந்தக் கல் போய்ச் சேரும் இடத்தில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அவர் கடைத் தூசியைச் சுரண்டி என் மேஜையில் வைத்தால், தரம் நன்றாகவே இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவேன். இந்த உறுத்தலா, சட்டப் பிரிவின் மரியாதையா, அல்லது வரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமாகும் என்ற நினைப்பா, எது என்னைத் தள்ளியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றும் கலந்த கல். எவ்வளவு மண் என்று பிரித்துச் சொல்ல லேபில் கருவி இல்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செக் புத்தகத்தோடு கடைக்குப் போனேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை.

“கம்பெனில சொல்லி விட்டாங்களா சார்?”

“இல்லைங்க. நானாத்தான் வந்தேன்.”

“வாபஸ் வாங்கச் சொல்லியா?”

“கட்சிக்கு நன்கொடை குடுக்க வந்தேங்க.”

மிஷின் நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை அளவெடுத்தார். அளவு சரியாக வரவில்லை போலிருக்கிறது.

“எதுக்கு?”

வரிச்சலுகையைப் பற்றிச் சொன்னேன். சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. “அப்படிச் சொல்லுங்க. உங்களுக்கும் ஆதாயம் இருக்கு. சும்மா குடுக்கறேன்னு சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்.”

கட்சியின் பெயருக்கு எழுதினேன். பத்தாயிரம் என்று எழுதிய கை தானாக ஒன்றையும் சேர்த்தது. பத்தாயிரத்து ஒன்று. கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எத்தனையோ வருடமாக மொய் வைத்த கை. முழுத் தொகையாக அதற்குக் கொடுக்கத் தெரியாது. அவர் செக்கை வாங்கிப் பார்த்தார்.

“ஒரு ரூபா சேத்திருக்கீங்களே.”

“பழக்கங்க.”

“ம்” என்றார். அந்த ‘ம்’-மை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

தலைமையிலிருந்து தபாலில் முறையான ரசீது வந்தது. தேர்தலில் அவருக்கு டெபாசிட் போயிற்று. ஜூலையில் ரசீதோடு பெரம்பலூர் மாடியேறினேன். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார்.

“கடசில வந்துட்டீங்க. எவ்வளவு பர்சென்ட்ல முடிச்சீங்க?”

“பர்சென்ட்டெல்லாம் இல்ல. நெசமாவே குடுத்தேன்.”

“சரி சரி. ஆனா இதுக்கு வெளி ஆள்கிட்ட போயிருக்கீங்க பாருங்க, அதான் சார் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இத்தன வருஷப் பழக்கம்.”

நான் சத்தியம் செய்யாத குறை. அவர் நம்பவில்லை. கணக்கு தாக்கலானது.

இரண்டு மாதம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம், அரியலூரில் ஒரு மண்டபத்தில். மொய் மேஜையில் என் மைத்துனன் மைக்கோடு உட்கார்ந்திருந்தான். நல்ல குரல், குறைந்த யோசனை. எழுதச் சொன்னதை எழுதி, எழுதியதை அப்படியே படிப்பான். நான் பந்தியில் நின்று சாம்பார் வாளிக்காரரை விரட்டிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் முதல் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து இலையில் பக்கத்து மேஜைக்காரர். அப்போது ஸ்பீக்கரில் மைத்துனனின் குரல் வந்தது.

“டைலர் அம்மா, பதினோராயிரத்து ஒன்னு! தேர்தலப்போ கட்சிக்கு மாமா செஞ்ச பத்தாயிரத்து ஒன்னுக்குத் திருப்பிச் செஞ்ச முறை!”

மண்டபத்தில் முந்நூறு இலை. அத்தனைக்கும் கேட்டது. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த ஆடிட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது, தொழிலில் தன்னை மிஞ்சியவனைப் பார்க்கும் மரியாதை. கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

“கமிஷன் புடிக்காம மேல ஆயிரம் போட்டுக் குடுக்குறாங்களா? அதுவும் மைக்ல அனவுன்ஸ் பண்ணி? அந்தக் கட்சி அட்ரஸ எனக்கும் குடுங்க சார்.”

மறுவாரம் தையல் கடைக்குப் போனேன்.

“என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?”

“என்ன பண்ணிட்டேன்?”

“நான் குடுத்தது கட்சிக்குங்க. மொய் இல்ல.”

“ஒரு ரூபா சேத்துல்ல குடுத்தீங்க? தோத்தவ கையில அடுத்தவங்க காசு நிக்கக் கூடாது சார். ஜெயிச்சிருந்தா லாரிக்குத் தார்ப்பாய் போடவச்சுத் திருப்பியிருப்பேன். அது முடியல. பள்ளிக்கூடம் தொறக்கற சீசன்ல தச்ச காசு, கல்யாணத்துல செஞ்சேன்.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மொய்யத் திருப்பிக் குடுத்தா அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி. எனக்கு இனிமே யாரு ஜாக்கெட் தைக்கறது? ஏங்க, உள்ளபடி சொல்லுங்க, எலெக்‌ஷன்ல நிக்கற ஆச ஏதாச்சும் இருக்கா உங்களுக்கு?”

அப்படியே ஒரு வருடம் ஓடியது. பிறகு வரித்துறையிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகக் கழிவு கோரியிருக்கிறீர்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள், தவறு என்றால் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்று பணிவாகச் சொன்னது. பணிவாக வரும் அரசாங்கச் செய்தியைப் போலப் பயமுறுத்துவது வேறொன்றும் இல்லை. லேபில் பக்கத்து மேஜைக்காரருக்கும் அதே நேரத்தில் போன் மணியடித்தது. அவர் முகம் சிமெண்ட் நிறத்துக்குப் போனது.

“நம்ம ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்” என்றார்.

“நான் நெசமாவே குடுத்தேங்க.”

“யோவ், மைக்குல கேட்டோமேய்யா!”

பெரம்பலூர் மாடியில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. கட்சி போட்டவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எந்தக் கட்சிக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் அதே வரிசையில் நின்றேன். எனக்கு மட்டும் கட்சியின் பெயரும் கொள்கையும் தெரியும் என்பதே என்னைப் பழைய கேடி மாதிரி காட்டியது.

ஆடிட்டர் குரலைத் தாழ்த்தினார். “சார், நீங்க குடுத்தீங்கன்னே வச்சிக்குவோம். திரும்பி வந்துச்சா இல்லையா? மொய் நோட்டுல எழுத்து மூலமா இருக்கு. முந்நூறு சாட்சி சாப்புட்டுட்டுப் போயிருக்கு. அந்தக் கழிவ வாபஸ் வாங்கிருங்க. வரியோட கொஞ்சம் கூடக் கட்டினா முடிஞ்சுது. தூக்கம் வரும்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்காக இந்த வயதில் விசாரணைக்குப் போக என்னால் முடியாது. இருந்தாலும் டைலர் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்குப் போனேன். அவர் ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“வாபஸ் வாங்கினா என்ன அர்த்தம் சார்?”

“அந்த நன்கொடைக் கணக்குத் தப்புன்னு அர்த்தங்க.”

“நீங்க குடுக்கலன்னு அர்த்தம். அப்ப எங்க கட்சி குடுத்த ரசீது?”

காலரில் அடுத்த நூலைக் கத்தரித்தார்.

“பொய் ரசீதுன்னு ஆவும். இல்லையா? கமிஷன் அடிக்கற கட்சின்னு ஊரே சொல்லும். நான் மனுக் கொண்டு போனா, நீ அந்தக் கட்சிதானம்மான்னு கேப்பான். எத்தன வருஷமா நம்பர் எழுதறேன் சார். ஒரு நம்பர் தப்பா எழுதினது கிடையாது.” பிரித்த காலரை மேஜையில் போட்டார். “கட்சிக்குக் குடுத்தது கட்சிக்கு. கல்யாணத்துல செஞ்சது நான், என் கைக்காசு. திருப்பிச் செய்யறேன்னு எழுதச் சொன்னது என் தப்புதான், மரியாதைன்னு நெனச்சுட்டேன். யாராச்சும் விசாரிக்க வந்தா இங்க அனுப்புங்க. நான் சொல்றேன்.”

லாரி ஒன்று போயிற்று. தார்ப்பாய் இல்லை. பேச்சை நிறுத்தி, நோட்டைத் திருப்பி, நம்பரை எழுதிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். வருமான வரித்துறையைவிட அந்தப் பார்வைக்குத்தான் அதிகம் பயந்தேன் என்று எழுதினால் வீரம் மாதிரி இருக்கும். இரண்டுக்கும் பயந்தேன். இதற்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நான் வாபஸ் வாங்கவில்லை. ரசீது, செக் போன வங்கிக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கட்டி வைத்தேன். மொய் நோட்டையும் அதிலேயே வைத்தேன். கேட்டால் அதையும் காட்டவேண்டும் என்பதால் வைத்தேனா, மறைத்தால் மைத்துனன் மைக்கில் சொல்லிவிடுவான் என்பதால் வைத்தேனா தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பதினோராயிரம் மட்டும் நெஞ்சில் கிடந்தது. மொய்யைத் திருப்ப முடியாது. கட்சிக்குக் கொடுக்கலாம். இந்த முறை வரியில் காட்டப்போவதில்லை என்று முடிவுசெய்தேன். என் தானத்தில் மண் இல்லை என்று எனக்கே ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. பதினோராயிரத்துக்கு முழுசாக ஒரு செக். கை பழக்கத்துக்கு இழுத்தது, ஆனால் அந்த ஒன்றைச் சேர்க்கவில்லை.

டைலர் அம்மாள் செக்கைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு ரூபா இல்லாம, எழவு வூட்டுக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறீங்க?”

“மொய்னு நீங்க நெனச்சிரக் கூடாதுன்னுதாங்க.”

“வரிக்குக் காட்டுவீங்கல்ல?”

“இல்லைங்க. இது மனசாரக் குடுக்கறது.”

செக் என் பக்கமாகத் திரும்பி வந்தது. “அப்ப வேண்டாம். வரிக்குக் காட்டினா, அது கட்சிக்குக் குடுத்தது. ஊரறிஞ்ச கணக்கு. காட்டலன்னா, நீங்க எனக்குக் குடுத்ததுன்னு ஆயிடும். அப்புறம் உங்க பையன் கல்யாணத்துக்கு நான் பன்னெண்டாயிரம் தேடணும்.”

இவ்வளவு படித்தும் எனக்குப் புரியாத அந்தச் சட்டப் பிரிவு அப்போதுதான் புரிந்தது. காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ரசீது வந்தது.

இந்த ஜூலையில் மாடியேறினேன். ஆடிட்டர் முகமெல்லாம் சிரிப்பு. “சார், புது வரி முறைக்கு மாத்திடறேன். அதுல கழிவே கிடையாது. கட்சியும் இல்ல, கவலையும் இல்ல. வரியும் கம்மி.”

“பழைய முறையிலயே போடுங்க” என்று ரசீதை நீட்டினேன்.

அவர் கம்ப்யூட்டரில் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்தில் ஒரு தடவை. பழைய முறையில் எனக்குச் சில ஆயிரம் நஷ்டம். வரிச்சலுகையைப் பெறுவதற்காகக் கூடுதல் வரி கட்ட வந்து உட்கார்ந்திருக்கும் ஆளை அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உள்ள வேற என்னமோ இருக்கு. அது என்னன்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க.”